போர்வெல்லில் தொங்கும் அளவுகோல்: எவ்வளவு நம்பலாம்?

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கம் வந்த ரயில், நம் ஆவடியையும் திருமுல்லைவாயிலையும் தாண்டித்தான் போனது. அந்தக் கோடையில் புழல் ஏரி வற்றியதை ஊரே பார்த்தது. நிலத்தடி நீர் இறங்கியதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கிய நாளில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் அது தெரிந்தது. பக்கத்து வீட்டு போர் வறண்டது என்று கேள்விப்பட்டதும் நம் போரில் இன்னும் இரண்டு பைப் இறக்குவோம். நிலத்தடி நீரைக் கண்காணிப்பதாகப் பெரும்பாலான தெருக்களில் நடந்தது அவ்வளவுதான்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த கருவிதான் தானியங்கி நீர்மட்டப் பதிவி. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1995-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய முதல் நீரியல் திட்டத்தில் தமிழகமும் இருந்தது. 2016-இல் ஒப்புதல் பெற்ற தேசிய நீரியல் திட்டம், சிம் கார்டு வழியே தரவை அனுப்பும் கருவிகளைப் பரவலாக்கியது. சென்னை மாநகராட்சி வார்டுகளிலும் குடிநீர் வாரியம் இப்படிப்பட்ட கருவிகளை நிறுவியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் பெருமை ஒன்றே: நேரத்துக்கு நேரம், சென்டிமீட்டர் சுத்தமாக நீர்மட்டம் தெரியும். இதில் எவ்வளவு உண்மை?

கருவியின் தத்துவம் எளிது. கட்டைவிரல் தடிமனில் ஒரு எஃகுக் குழல். அதன் நுனியில் மெல்லிய சவ்வு. குழலைக் கேபிளில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறோம். மேலே நிற்கும் நீரின் எடை சவ்வை அழுத்துகிறது. ஒரு மீட்டர் நீருக்கு ஏறத்தாழ 9.8 கிலோபாஸ்கல் அழுத்தம். அந்த அழுத்தம் மின்னோட்டமாக மாறி மேலே வருகிறது. பரவலாக இருக்கும் வகையில் வெற்று அளவுக்கு 4 மில்லியாம்பியர், முழு அளவுக்கு 20. தொடக்கத்தைச் சுழியத்தில் வைக்காமல் 4-இல் வைத்தது நல்ல ஏற்பாடு. கேபிள் அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகும்; தண்ணீர் இல்லாத போருக்கும் அறுந்த ஒயருக்கும் வேறுபாடு தெரிந்துவிடும்.

இதன் தேவையைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை வழக்கமாக ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது: ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர். தென்மேற்குப் பருவமழையை நம்பும் மாநிலங்களுக்கு இது பொருந்தலாம். நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நவம்பர் அளவு நடு மழையில் விழுகிறது. ஜனவரி அளவு வருவதற்குள் மட்டம் உச்சத்தைத் தொட்டு இறங்கவும் தொடங்கியிருக்கும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போனது, எவ்வளவு கூவத்துக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் ஓடியது என்பதைக் காலாண்டு அளவு ஒருபோதும் சொல்லாது. மணிக்கொரு முறை பதியும் கருவி சொல்லும். சரியாகப் பொருத்தியிருந்தால்.

விற்பவர் தரும் தாளில் துல்லியம் 0.1 விழுக்காடு என்று இருக்கும். அது முழு வீச்சில், அதாவது கருவி அளக்கக்கூடிய உச்ச நீர் உயரத்தில், 0.1 விழுக்காடு. 20 மீட்டர் கருவிக்கு 2 சென்டிமீட்டர். 100 மீட்டர் கருவிக்கு 10 சென்டிமீட்டர். ஆழமான போர்தானே என்று பெரிய வீச்சில் வாங்கினால் துல்லியம் கையை விட்டுப் போகிறது. சிறிய வீச்சில் வாங்கினால், மழைக்காலத்தில் மட்டம் ஏறும்போது சவ்வு தாங்காது. கோடையின் தாழ்ந்த மட்டமும் மழைக்காலத்தின் உயர்ந்த மட்டமும் தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

இயற்பியல் தரும் பிழைகளையும் நேர்மையாக எடைபோட வேண்டும். தொழிற்சாலைகள் பெரும்பாலும் நீரின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1,000 கிலோ என்றும், புவியீர்ப்பை 9.80665 என்றும் வைத்துக்கொண்டு கருவியைத் திருத்துகின்றன. நம் போர்த் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டியது; அதன் அடர்த்தி 995.65. சென்னையின் அட்சரேகையில் புவியீர்ப்பு ஏறத்தாழ 9.783. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன, மொத்தம் ஏறத்தாழ 0.68 விழுக்காடு குறைவு. 50 மீட்டர் நீருக்கு அடியில் தொங்கும் கருவி 34 சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் நிறுவும் அன்று டேப் இறக்கி அளந்து தொடக்கப் புள்ளியைச் சரிசெய்துவிட்டால் இந்த 34 சென்டிமீட்டரும் அதிலேயே கழிந்துவிடும். மிஞ்சுவது ஏற்ற இறக்கத்தின் மீதான பிழை மட்டும்: மட்டம் 10 மீட்டர் மாறினால் 6.8 சென்டிமீட்டர். திருமுல்லைவாயிலுக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். உப்புநீர் ஏறிய மீஞ்சூர்ப் பக்கத்தில் கதை வேறு. கடல்நீரின் அடர்த்தி 2.5 விழுக்காடு கூடுதல். அங்கே அடர்த்தியையும் அளக்காமல் இந்தக் கருவியைத் தனியாக நம்பக் கூடாது.

அடுத்தது காற்றழுத்தம். தண்ணீரின் மேல் வளிமண்டலமும் அழுத்துகிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் மாற்றம். நம் வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணியை ஒட்டி உச்சம், மாலை நான்கு மணியை ஒட்டித் தாழ்வு. புயல் நேரத்தில் 20 ஹெக்டோபாஸ்கல் சரிந்தால், ஈடுசெய்யாத கருவி மழைக்கு நடுவிலேயே 20 சென்டிமீட்டர் நீர் இறங்கிவிட்டதாகச் சொல்லும். 2016-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தது போன்ற நாளில்தான் தரவு மிகவும் தேவைப்படும். அன்றுதான் அது பொய் சொல்லும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. கேபிளுக்குள்ளேயே மயிரிழைக் குழாய் விட்டுச் சவ்வின் பின்பக்கத்துக்கு வெளிக்காற்றைக் கொண்டுபோவது ஒன்று. மூடிய கருவியை இறக்கிவிட்டு, மேலே தனியாக ஒரு காற்றழுத்தப் பதிவியை வைத்துக் கழித்துக்கொள்வது மற்றொன்று. காற்றுக்குழாய் வகையைத்தான் பலரும் பரிந்துரைக்கிறார்கள், கணக்கு மிச்சம் என்று. என் முடிவு வேறு. சென்னையின் ஈரக் காற்று அந்தக் குழாயில் நீர்த்துளியாகி அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கச் சிலிக்கா ஜெல் டப்பா வைப்பார்கள். நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் இடத்தில் அதை யார் மாற்றுவார்கள்? ஆள் நிரந்தரமாக இருக்கும் நீரேற்று நிலையத்தில் காற்றுக்குழாய் வகை இருக்கட்டும். பள்ளி மைதானத்திலும் பூங்காவிலும் மூடிய வகையே மேல். வட்டாரத்துக்கு ஒரு காற்றழுத்தப் பதிவி போதும்; அம்பத்தூரிலும் ஆவடியிலும் காற்றழுத்தம் பெரிதாக மாறுபடாது.

குழாய் அடைத்திருப்பதைத் தரவிலேயே கண்டுபிடிக்கவும் முடியும். அடைத்த கருவி, காற்றழுத்தம் ஏறும் காலை பத்து மணிக்கு நீரும் ஏறியதாகக் காட்டும். களிமண் படுகைக்குக் கீழே அடைபட்ட நீர்த்தாங்கியில் நடப்பது நேர்மாறு. காற்றழுத்தம் ஏறினால் போரில் நீர்மட்டம் உண்மையாகவே சற்று இறங்கும். ஆகவே வரைபடத்தில் தெரியும் எல்லா நெளிவும் பிழையல்ல. எந்தப் பக்கம் நெளிகிறது என்று பார்க்கத் தெரிந்தவர் தேவை.

இதுவரை சொன்ன பிழைகள் எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு. பெரிய பிழைகள் போரின் வாயில் நடக்கின்றன.

கேபிள் சரியாகப் பிடிக்கப்படாமல் நழுவினால், அல்லது முறுக்கு அவிழ்ந்து நீண்டால், நீர்மட்டம் ஒரே நாளில் ஒரு சாண் மாறும். எங்கிருந்து அளக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். கேசிங் பைப்பின் வாயிலிருந்தா, தரையிலிருந்தா? கேசிங் தரைக்கு மேல் அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், ஒருவர் ஒன்றிலிருந்தும் அடுத்தவர் மற்றொன்றிலிருந்தும் அளக்கும்போது அரை மீட்டர் நிலத்தடி நீர் காகிதத்தில் தோன்றும் அல்லது மறையும். நம் புறநகரில் தரையை அடிப்படையாக வைப்பதே தவறு என்பேன். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, வீடுகள் பள்ளமாகின்றன, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். தரை உயர்ந்தால், அசையாமல் இருக்கும் நீர்மட்டம்கூட 'தரைக்குக் கீழ்' கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். கேசிங் வாயில் அழியாத குறி ஒன்றைப் பொறித்து, சர்வே ஆஃப் இந்தியா பென்ச்மார்க்கிலிருந்து அதன் கடல்மட்ட உயரத்தை எடுத்து எழுதி வைப்பதே முறை.

எல்லாவற்றிலும் பெரிய பிழை மோட்டார். தண்ணீர் இறைக்கும் போரிலேயே கருவியைத் தொங்கவிட்டால் அது காட்டுவது அந்த மோட்டாரின் வேலை நேரத்தை. மட்டம் பல மீட்டர் இறங்கி, பிறகு மெல்ல மீளும். மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் விதி, கண்காணிப்புக் குழாய்க் கிணறு இறைக்கும் கிணற்றிலிருந்து குறிப்பிட்ட தொலைவு தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. அரை கிரவுண்டு மனைகள் தோளோடு தோள் உரசும் திருமுல்லைவாயில் தெருவில், எந்தப் போருக்கும் தள்ளி என்று ஓர் இடத்தைக் காட்ட முடியுமா? பள்ளி மைதானம், பூங்கா, ஏரிக்கரை, கோயில் நிலம் என்று சில இடங்களே மிஞ்சுகின்றன. அங்கே போடாமல், வசதிக்காக ஏதோ ஒரு கட்டிடத்தின் பழைய போரில் கருவியை இறக்குவது வீண் செலவு. வேறு வழியே இல்லாமல் மோட்டார் உள்ள போரில் போடத்தான் வேண்டுமென்றால், கேபிள் மோட்டார் பைப்பில் சுற்றிக்கொள்ளாதபடி துளையிட்ட ஒரு இன்ச் பிவிசி குழாயைத் தனியாக இறக்கி அதற்குள் தொங்கவிட வேண்டும். மோட்டார் நின்று பல மணி நேரம் ஆன பிறகு, விடியலுக்கு முந்தைய அளவை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேலிப்ரேஷன் (அளவுத்திருத்தம்) என்றதும் ஆய்வகம் தேவை என்று எண்ணுகிறார்கள். போரின் வாயிலேயே பாதி வேலை முடியும். கருவியை மெதுவாக இறக்க வேண்டும். வேகமாக விட்டால் நீரில் மோதும் அதிர்ச்சியில் சவ்வு கெடும். வெப்பம் சமநிலைக்கு வரும்வரை காத்திருந்து, நீரைத் தொட்டதும் ஒலிக்கும் மின்னொலி டேப்பில் நீர் ஆழத்தை அளக்க வேண்டும். அந்த ஆழத்தோடு கருவி காட்டும் நீர் உயரத்தைக் கூட்டினால் கிடைப்பதே தொங்கு ஆழம். கேபிளில் அச்சிட்ட மீட்டர் குறியை நம்பக் கூடாது. பிறகு கேபிளை ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூக்கிப் பார்க்க வேண்டும். கருவியும் அதே அளவு குறைத்துக் காட்டினால் அதன் சாய்வு, அதாவது மட்ட மாற்றத்தை அது காட்டும் விகிதம், சரி.

அதன்பின் ஆண்டுக்கு இரு முறையாவது, மே மாதத் தாழ்விலும் டிசம்பர் உயர்விலும், டேப் இறங்க வேண்டும். இரண்டு முறையும் வேறுபாடு ஒரே அளவென்றால் கேபிள் நழுவியிருக்கிறது அல்லது சவ்வு தளர்ந்திருக்கிறது. ஆழத்தோடு வேறுபாடும் மாறினால் சாய்விலோ அடர்த்தியிலோ கோளாறு. கோடையில் வரைபடம் கத்தியால் வெட்டியது போல் நேர்கோடாக ஓடினால் இன்னும் கவனம் வேண்டும்: நீர் கருவிக்குக் கீழே போயிருக்கலாம், காற்றில் தொங்கும் கருவி ஒரே எண்ணைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பும். வறட்சி உச்சத்தில் இருக்கும்போது 'நீர்மட்டம் நிலையாக உள்ளது' என்று அறிக்கை எழுத அந்த ஒரு நேர்கோடு போதும்.

தமிழ்நாட்டில் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறை முத்திரை வைக்கிறது. ஊரின் தண்ணீரை நிறுக்கும் கருவிக்கு அதே கண்டிப்பு வேண்டாமா?

ஏரிக்கு இதே கருவி வேண்டுமா என்றால், வேண்டாம். அம்பத்தூர் ஏரியிலும் கொரட்டூர் ஏரியிலும் சேறும் கழிவும் சவ்வை மூடும். மேலிருந்து அளக்கும் ரேடார் கருவி பழுதில்லாமல் நீண்ட நாள் ஓடும். புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. உயரத்தைக் கொள்ளளவாக மாற்றும் அட்டவணை வண்டலுக்கு ஏற்பப் புதுப்பிக்கப்படாவிட்டால், எந்தக் கருவி மில்லிமீட்டர் காட்டினாலும் பயனில்லை. வீட்டுச் சம்புக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் மிதவை ஸ்விட்ச் போதும். பணத்தை வீணாக்க வேண்டாம்.

போருக்கு மட்டும் இதற்கு மாற்று இல்லை. குறுகிய, ஆழமான குழாய்க்குள் மிதவை சிக்கும். ரேடார் அலை சுவரில் பட்டுச் சிதறும். ஆள் டேப்போடு மணிக்கு ஒருமுறை வந்து நிற்க முடியாது. ஆகவே என் தீர்ப்பு இது: நிலத்தடி நீரைக் கண்காணிக்க நீரில் மூழ்கும் அழுத்தக் கருவியே ஏற்றது, ஆனால் டேப்பால் சரிபார்க்கப்பட்ட தேதி இல்லாத அதன் எண்ணை அளவு என்று ஏற்கக் கூடாது. மே, டிசம்பர் டேப் அளவுகளில் ஒன்று தவறிய போரின் தரவை ஐயத்துக்குரியது என்று குறிக்க வேண்டும். ஓராண்டு தாண்டினால் நீக்க வேண்டும். கருவிக்கு ஒதுக்கும் தொகையோடு, டேப் பிடிக்கும் ஆளின் சம்பளத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கருவிகளின் எண்ணிக்கை பாதியானாலும் பரவாயில்லை.

நம் திருமுல்லைவாயில், குடிநீர் வாரியக் கருவிகள் உள்ள சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. 2019-இல் உருவான ஆவடி மாநகராட்சியில் இருக்கிறது. மாநகராட்சி எல்லையில் நிலத்தடி நீர் நின்றுவிடுவதில்லை. அம்பத்தூரில் இறைப்பது இங்கும், இங்கே இறைப்பது அங்கும் தெரியும். ஆவடி மாநகராட்சி தன் பள்ளி மைதானங்களிலும் பூங்காக்களிலும் மோட்டார் இல்லாத கண்காணிப்புக் கிணறுகளைத் தோண்டட்டும். ஒவ்வொன்றின் வாயிலும் அளவுக் குறியின் கடல்மட்ட உயரம், கருவியின் தொங்கு ஆழம், கடைசியாக டேப் இறங்கிய தேதி ஆகிய மூன்றையும் தமிழில் பலகையாக வைக்கட்டும். அந்தப் பலகையை வார்டு கூட்டத்தில் கேட்டு வாங்குவது நம் வேலை.