அகமும் புறமும் கூடும் இடம்: தற்காலக் கவிதையில் காதல், இழப்பு, தன்னடையாளம்

முன்னுரை

தற்காலத் தமிழ்க் கவிதை பற்றிய திறனாய்வில் இருவகை வாசிப்புகள் நிலைபெற்றுள்ளன. காதல், தனிமை, மனக்கொந்தளிப்பு ஆகியவற்றைப் பாடும் கவிதையைக் கவிஞரின் வாழ்க்கைச் சான்றாகக் கொள்வது ஒன்று. சாதி, பாலினம், இனம், புலப்பெயர்வு ஆகியவற்றைப் பாடும் கவிதையை ஒரு மக்கட் பிரிவின் குரலாக மட்டும் கொள்வது மற்றொன்று. முன்னதில் கவிஞர் நோயாளி ஆகிறார். பின்னதில் பிரதிநிதி ஆகிறார். இரண்டிலும் கவிதை பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

இவ்விரு வாசிப்புகளுக்கும் அடியில் இருப்பது அகம், புறம் என்னும் பழம்பகுப்பு பற்றிய ஒரு தவறான புரிதலாகும். காதலும் உட்பூசலும் அகத்தைச் சார்ந்தவை, அடையாளமும் நில இழப்பும் புறத்தைச் சார்ந்தவை எனப் பங்கிட்டுக் கொண்டு, ஒன்றை வாசிக்கும்போது மற்றொன்றை மறக்கும் பழக்கம் உருவாகியிருக்கிறது. தற்காலக் கவிதையின் சிறந்த ஆக்கங்கள் இப்பங்கீட்டிற்கு உட்படுவதில்லை என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு முன்னுரையாக, அடையாளம் என்னும் சொல்லின் பொருளைத் தெளிவுறுத்தும் ஓர் ஊரின் வரலாறு எடுத்துக்கொள்ளப்படுகிறது. கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் உள்ள சாம்பியன் ரீப்ஸ் அவ்வூர் ஆகும்.

வாசித்துத் தேர்ந்த அடையாளம்

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் தன் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களே சுரங்கத்தின் அடிநிலத்தில் உழைத்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் அந்நிலத்திலிருந்து எடுக்கப்பட்டது.

சுரங்க வரலாற்றினும் இங்குக் கருதத்தக்கது அவ்வூரின் வாசிப்பு வரலாறாகும். அயோத்திதாசப் பண்டிதர் 1898ஆம் ஆண்டு சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அது அடுத்த ஆண்டே 'தமிழன்' எனப் பெயர் மாறியது. சங்கத்தின் கிளைகள் தங்கவயலில் வேரூன்றின. 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அவர் மறைந்த பின்னர், 1920களின் பிற்பகுதியில் 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்துப் பரப்பியது. 1999ஆம் ஆண்டு முதல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகள் வரும்வரை, இச்சிந்தனையைக் காத்து வைத்ததில் தங்கவயலுக்குப் பெரும்பங்கு உண்டு.

பண்டிதரின் முறை இலக்கிய வாசிப்பாகவே அமைந்தது. குறளையும் ஔவையின் நீதிநூல்களையும் பௌத்த நோக்கில் மறுவாசிப்புச் செய்து, இழிவாகச் சுமத்தப்பட்ட பெயர்களை மறுத்து, தமிழன் என்றும் பூர்வ பௌத்தன் என்றும் தம் மக்களை அவர் அழைத்தார். பகலில் பாறையைக் குடைந்து, ஓய்வு நேரத்தில் அவ்விதழைக் கேட்டும் படித்தும் வந்த தொழிலாளர்களுக்கு அடையாளம் என்பது பிறப்பால் குத்தப்பட்ட முத்திரை அன்று. வாசித்து, வாதிட்டு, தேர்ந்துகொண்ட ஒன்று. தற்காலக் கவிதையில் தன்னடையாளத்தைத் தேடும் திறனாய்வாளர் மனங்கொள்ள வேண்டியது இதுவே. அடையாளம் கவிதைக்கு முன்பே முடிந்துபோன செய்தி அன்று. கவிதை நிகழும்போதே அது உருவாகிறது.

பொருள்வயிற் பிரிவும் சுரங்கப் பிரிவும்

இழப்பைப் பற்றியும் இவ்வூர் ஒரு தெளிவைத் தருகிறது. சங்க அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் பாலை கடந்து செல்கிறான், தலைவி காத்திருக்கிறாள். அங்கே பிரிவுக்கு ஒரு முடிவு உண்டு. ஈட்டிய பொருள் தலைவனுக்கு உரியது. திரும்பி வரும் மனையும் அவர்களுக்கு உரியது. தங்கவயலில் இம்மூன்றும் மாறின. பொருள் தேடிச் சென்றவன் குடும்பத்தையும் உடன் அழைத்துச் சென்றான். எடுத்த பொன் அவனுடையது அன்று. தங்கிய வீடு கம்பெனி லைனில் அமைந்தது. அதுவும் அவனுடையது அன்று. பிரிவு நெடுவழியில் நிகழாமல், ஒவ்வொரு ஷிப்டிலும் மேலிருந்து கீழாக நிகழ்ந்தது. பாறை வெடிப்பு அஞ்சப்பட்ட ஊரில் ஒரு நாளைய பிரிவே இறுதிப் பிரிவாகவும் கூடும்.

சுரங்கம் மூடப்பட்ட பின்னர் பிரிவு மீண்டும் நெடுவழிக்கு வந்தது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியலில் புறப்பட்டு இரவில் திரும்பும் தொடர்வண்டிப் பயணம் பல்லாயிரவர்க்கு அன்றாடமாயிற்று. எனவே இங்கு இழக்கப்பட்டது சொந்த நிலம் என்று சொல்லிவிட முடியாது. தமக்கு ஒருபோதும் உரிமையாகாத இடத்தின்மீது கொண்ட பற்றே இழப்பாக நிற்கிறது. இவ்வகை இழப்பில் எது தன்துயர், எது ஊர்த்துயர் எனப் பிரித்தறிய இயலாது.

இதற்கு நெருங்கிய உறவுடைய இலக்கியச் சான்று இலங்கை மலையகத்தில் கிடைக்கிறது. தங்கவயலின் 'லைன்' வீடே தேயிலைத் தோட்டத்தில் 'லயம்' எனப்படுகிறது. ஒரே ஆங்கிலச் சொல் இரு தமிழ் வாழிடங்களுக்கும் பெயராயிற்று. மலையக மக்கள் பாடல்களைத் தொகுத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை (1914-1984). அம்மரபின் பாடல்களில் காதலனை விளிக்கும் குரலும் கங்காணியின் கொடுமையைச் சொல்லும் குரலும் ஒன்றே. கூலிக் கணக்கும் காதல் ஏக்கமும் ஒரே மெட்டில் வருகின்றன. வாய்மொழி மரபு ஒருபோதும் பிரிக்காததை எழுத்து மரபின் திறனாய்வே பிரித்தது என்பது இதனால் பெறப்படும்.

நோயாளியாக வாசிக்கப்பட்ட கவிஞர்கள்

மனக்கொந்தளிப்பைப் பாடிய கவிஞர் என்றவுடன் நினைவுக்கு வருபவர் ஆத்மாநாம் (1951-1984). எஸ்.கே. மதுசூதன் என்பது அவரது இயற்பெயர். 1978ஆம் ஆண்டு 'ழ' சிற்றிதழைத் தொடங்கினார். அவர் வாழ்ந்த காலத்தில் வெளிவந்த ஒரே தொகுப்பு 'காகிதத்தில் ஒரு கோடு' (1981). மனநோய்க்கு ஆளாகி, 1984ஆம் ஆண்டு பெங்களூரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிரம்மராஜனின் பதிப்புப் பணியால் அவருடைய படைப்புகள் முழுமையாகக் கிடைத்தன.

ஆத்மாநாம் பற்றிய வாசிப்புகள் பலவும் அவர் இறப்பிலிருந்து தொடங்கிக் கவிதைக்குத் திரும்பிச் செல்கின்றன. ஒவ்வொரு வரியும் பின்னர் நிகழ்ந்ததன் அறிகுறியாகத் தேடப்படுகிறது. கவிதைகளோ வேறொன்றைக் காட்டுகின்றன. 'ஏதாவது செய்' என்னும் கவிதை ஏவல் வினைகளின் விசையால் நகர்வது. கேட்போரைச் செயலுக்கு விரட்டுவது. 'அவசரம்' நெருக்கடிநிலைக் காலத்தின் நிழல் படிந்தது. மனிதர் கூடுவதே குற்றமாகும் நகரம் அதில் எழுகிறது. 'நிஜம்' ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் புரட்டி, சொல்லின்மீது மனிதர் கொள்ளும் நம்பிக்கையைச் சோதிக்கிறது. இவற்றில் உள்ள கொந்தளிப்பு ஒரு தனிமனிதனின் நோய்க்குறிப்பு அன்று. பொதுவாழ்வின் பொய்ம்மை ஒரு மனத்திற்குள் புகுந்து கேட்கும் கேள்வி அது. கவிஞரின் துன்பத்தை மறுக்க வேண்டியதில்லை. அத்துன்பத்தைக் கொண்டு கவிதையை மூடிவிடலாகாது.

ஈழத்துக் கவிஞர் சிவரமணிக்கும் இதுவே நேர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1991ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிர் துறந்தார். நண்பர்களிடமும் இதழ்களிலும் எஞ்சியிருந்தவற்றைச் சித்திரலேகா மௌனகுரு 1993ஆம் ஆண்டு தொகுத்தளித்தார். எரித்த செயலே அவருடைய பெருங்கவிதை போலப் பேசப்படுவது எஞ்சிய கவிதைகளுக்கு இழைக்கும் அநீதியாகும். 'யுத்தகால இரவொன்றின் நெருக்குதல்' என்னும் கவிதை, போர்க்கால இரவுகள் குழந்தைகளை முதிர்ந்தோர் ஆக்கிவிடுவதைச் சொல்கிறது. அச்சம், மௌனம், விளையாட்டின் அழிவு என எல்லாம் ஒரு வீட்டின் இருளுக்குள் நிகழ்கின்றன. இடம் வீடு ஆதலின் அகம் எனலாம். காரணம் போர் ஆதலின் புறம் எனலாம். இரண்டில் ஒன்றை விலக்கினால் கவிதை நில்லாது.

பிரதிநிதியாக வாசிக்கப்பட்ட கவிஞர்கள்

மறுபுறம், பெண் கவிஞர்களும் தலித் கவிஞர்களும் காதலைப் பாடினாலும் அடையாளத்திற்காகவே வாசிக்கப்படுகின்றனர். சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' (2000) இதற்கு ஒரு சான்று. அவருடைய 'ஒப்பந்தம்' கவிதையில் மணவாழ்வின் மிக நெருங்கிய உறவு பேரமாகத் தெரிகிறது. அக்கவிதையை ஒரு சமயச் சமூகத்துப் பெண்ணின் வாக்குமூலமாகச் சுருக்குவோர், அதில் உள்ள அன்பின் வேட்கையைக் காணத் தவறுகின்றனர். பேரமாகிவிட்டதே என்னும் துயரம், பேரமற்ற அன்பை அறிந்த மனத்திற்கே தோன்றும்.

சுகிர்தராணியின் கவிதைகளில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர்களின் முன்னோர் புறப்பட்ட பழைய வட ஆர்க்காட்டு நிலத்தைச் சேர்ந்த இலாலாப்பேட்டையில் பிறந்தவர் அவர். 'கைப்பற்றி என் கனவு கேள்' (2002), 'இரவு மிருகம்' (2004) முதலிய தொகுப்புகளுக்குப் பின் 2010ஆம் ஆண்டு வெளிவந்தது 'தீண்டப்படாத முத்தம்'. இத்தலைப்பின் முதற்சொல் காதல் மொழியில் ஒரு பொருளையும் சாதி மொழியில் வேறொரு பொருளையும் தருவது. யாரும் தொடாத தூய முத்தம் என்றும், தொடத்தகாதவர் என விலக்கப்பட்டவரின் முத்தம் என்றும் இருபொருள் ஒருங்கே நிற்கின்றன. ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ள வாசகரால் இயலாது. காதலுக்குள் சாதி எவ்வாறு நுழைந்திருக்கிறது என்பதைத் தமிழ்ச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

'என் உடல்' என்னும் கவிதையும் நோக்கத்தக்கது. மலை, ஆறு, மரம், விலங்கு எனக் கருப்பொருள்கள் ஒவ்வொன்றாக வந்து, இறுதியில் இயற்கையே உடலாகிறது. சங்க மரபில் நிலம் தலைமக்களின் உணர்வுக்குப் பின்புலமாய் நிற்கும். இங்கு நிலமும் உடலும் ஒன்றாவதால், நிலம் யாருடையது என்னும் வினா உடல் யாருடையது என்னும் வினாவாக மாறுகிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி, மகாசுவேதா தேவி ஆகியோரின் படைப்புகள் நீக்கப்பட்டன. நீக்கத்தைக் கண்டித்தவர்களின் பணி மதிக்கத்தக்கது. எனினும் ஒரு கவிஞரை அவர் எப்பிரிவினர் என்பதற்காக நீக்குவதற்கு விடையாக, எப்பிரிவினர் என்பதற்காக மட்டும் சேர்க்கச் சொல்வது போதாது. அவர் மொழியில் செய்திருப்பது என்ன என்பதைக் காட்டுவது தமிழ்த் திறனாய்வின் கடமையாகும்.

ஒரு தடையும் விடையும்

காதற் கவிதை அனைத்திலும் சமூகத்தைத் தேடினால் கவிதை ஆவணமாகிவிடாதா என்னும் தடை எழலாம். அத்தடையில் உண்மை உண்டு. வலி, மௌனம், வெறுமை, நினைவு என்னும் சொற்களை அடுக்கிக் காதல் இழப்பைப் பாடும் கவிதைகள் இன்று மிகுதி. அவற்றின் இறுதியில் ஓர் அடையாளச் சொல்லைச் சேர்ப்பதால் அவை ஆழம் பெற்றுவிடுவதில்லை. துயரம் ஒருபக்கமும் அடையாளம் மறுபக்கமும் ஒட்டாமல் கிடக்கும்.

எனவே இரு அளவுகோல்களை முன்வைக்கலாம். கவிதை தொடங்கும்போது உள்ள 'நான்' அது முடியும்போது மாறியிருக்கிறதா என்பது முதலாவது. அன்பைக் குறிக்கும் சொல்லே வரலாற்றையும் சுமக்கிறதா என்பது இரண்டாவது. 'தீண்டப்படாத' என்னும் சொல் இரண்டாம் அளவுகோலுக்கு முழுச்சான்று. சமூகம் கவிதைக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்படாமல் சொல்லுக்குள்ளிருந்தே வெளிப்படுமாயின், ஆவணமாகும் அச்சத்திற்கு இடமில்லை.

முடிவுரை

சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் 1965ஆம் ஆண்டு வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன. எதனோடும் எளிதில் வினைபுரியாத நுண்துகளின் தடம் அங்குப் பதிவாயிற்று. அதே சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்களின் அன்பும் அச்சமும் அவ்வளவு கவனத்துடன் பதிவு செய்யப்படவில்லை. 2018, 2022ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'கே.ஜி.எப்.' திரைப்படங்கள் ஊரின் பெயரை உலகறியச் செய்தன. 2024ஆம் ஆண்டு வெளிவந்த 'தங்கலான்' அவ்வூர்த் தமிழரின் முன்வரலாற்றைத் தொட்டது. லைன் வீட்டின் ஒப்பாரியும், ஷிப்டுக்குச் செல்பவனை வழியனுப்பிய பாட்டும், தொடர்வண்டியில் எழுதப்படும் இன்றைய கவிதையும் ஆய்வாளரின் தேடலுக்கு உரியவை. சுரங்கத்தில் உழைத்த தலைமுறை முதுமை அடைந்துவரும் நிலையில் இப்பணியைத் தள்ளிப்போட இயலாது.

அவ்வாறு தொகுக்குங்கால் அவற்றைத் தொழிலாளர் வரலாற்றுச் சான்று என ஒரு பெட்டியிலும், காதற் பாடல் என மற்றொரு பெட்டியிலும் இடுவது மீண்டும் பழைய பிழையையே செய்வதாகும். நூறாண்டுகளுக்கு முன் அவ்வூர் மக்கள் ஒரு காசு விலையுள்ள இதழைப் படித்துத் தமக்கான பெயரைத் தேர்ந்துகொண்டனர். தற்காலக் கவிதையின் 'நான்' செய்வதும் அதையே. அது நேசிக்கிறது, இழக்கிறது, அவ்விழப்பின் வழியே தனக்கான பெயரைத் தேடுகிறது. அத்தேடலைத் தொடக்கம் முதல் இறுதிவரை உடன்சென்று காண்பதே கவிதைத் திறனாய்வு எனத் துணியலாம்.