தொடையில் மிஞ்சும் புண்

தோல் ஒட்டு அறுவை முடிந்ததும் டாக்டர், நர்ஸ், உறவுக்காரர் எல்லாருடைய கண்ணும் ஒட்டுப்போட்ட இடத்தின் மேல்தான். நோயாளி மட்டும் தொடையைக் காட்டி முனகுவார். ஒட்டுக்காக அங்கே சீவி எடுத்த தோல் மில்லிமீட்டரில் கால்வாசி கனம்தான். ஆனால் நரம்பு நுனிகள் திறந்துகொள்வதால் பல சமயம் பழைய காயத்தைவிட இதுவே அதிகம் வலிக்கும். எஞ்சிய மயிர்க்கால்களிலிருந்தும் வேர்வைச் சுரப்பிகளிலிருந்தும் புதுத்தோல் படர இரண்டு வாரம் வரை ஆகும்.

பாரஃபின் தடவிய வலைத்துணியை விரித்து, பஞ்சு வைத்துக் கட்டி, தானாகக் கழலும்வரை தொடாமல் விடுவது நெடுநாள் வழக்கம். செலவு குறைவு, தினமும் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் கசிவு உலர்ந்தால் துணி புண்ணோடு இறுகிவிடும். அவசரப்பட்டு இழுத்தால் முளைத்த தோலும் கூடவே வரும். ஈரம் காத்த புண் சீக்கிரம் மூடும் என்று ஜார்ஜ் விண்டர் பன்றிகளை வைத்து 1962-லேயே காட்டியிருந்தும், பல வார்டுகளில் காய்ந்த கட்டுதான் நீடிக்கிறது.

மும்பை சயான் மருத்துவமனையின் மாதுரி கோரே இந்தத் தொடைப் புண்ணுக்கு வாழையிலையைக் கொண்டுவந்தார். ஆய்வு 2003-ல் 'பர்ன்ஸ்' இதழில் வெளியானது. இலையின் மெழுகுப்பூச்சு புண்ணில் ஒட்டாது, பிரிக்கும்போது வலிக்காது. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் உள்ள குலசேகரன்பட்டினத்துக்காரருக்கு இது கேட்கவே இனிக்கும். ஏரல், ஆத்தூர், குரும்பூர் என்று தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஊரெல்லாம் வாழைதானே!

அந்த இனிப்பில் மயங்கக் கூடாது. பந்திக்கு வாங்கிய இலையைக் கழுவி வைப்பதல்ல இது. ஆட்டோகிளேவில் கிருமி நீக்கிய இலை வேண்டும். இலை நீரை உறிஞ்சாது, ஆகவே கசிவு ஊறினால் கட்டை மாற்ற வேண்டும். வார்டில் படுத்திருப்பவருக்கு அது சிக்கலில்லை. வீடு திரும்பிய குலசேகரன்பட்டினத்துக்காரர் கட்டு மாற்றத் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறினால், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். இலை மலிவு என்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. எனவே வார்டில் இருக்கும்வரை இலை, வீட்டுக்குப் போகிறவருக்குக் கொலாஜன் தகடோ ஒட்டும் படலமோ என்று பிரித்துக் கொடுப்பதே சரி என்பேன். அவற்றின் விலை கூடுதல்தான். ஆனால் நாள்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கலாம்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். தோல் வளரப் புரதம் தேவைப்படும் நேரத்தில், சீழ் வைக்கும் என்று மீனையும் முட்டையையும் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. கடற்கரை ஊரில் இப்படியொரு பத்தியம்!

எந்தக் கட்டும் சரிசெய்ய முடியாத தவறு, தோல் எடுக்கும் இடத்தைத் தேர்வதில் நேர்வது. உடன்குடிப் பக்கத்துப் பனையேறிக்கு நெஞ்சும் உள்தொடையும் மரத்தில் உரசும் இடங்கள். புதுத்தோல் பல மாதம் மெலிந்தே இருக்கும்; லேசாக உரசினாலே கொப்புளிக்கும். அவருக்கு வெளித்தொடையிலிருந்து எடுத்தால் தொழிலுக்குத் திரும்புவது எளிது. கேஸ் ஷீட்டில் 'தொழில்' என்ற கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் 'கூலி' என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள்.