கதைமாந்தரும் அருளுரை மாந்தரும்

ஒரு புதினத்தைப் படித்து மூடி வைத்த பின்னரும் அதிற் கண்ட ஒருவர் நெடுநாள் நம்முடன் வாழ்வதுண்டு. வேறொரு புதினத்திலோ பெயரும் ஊரும் தோற்றமும் விரிவாகக் கூறப்பட்டிருந்தும், கதைமாந்தர் எவரும் மறுநாள் நம் நினைவில் நிற்பதில்லை. இவ்வேறுபாடு எதனால் விளைகிறது என்ற வினா இலக்கியத் திறனாய்வாளருக்கே உரியது எனச் சிலர் கருதக்கூடும். ஆயின், ஞாயிறுதோறும் அருளுரை மேடையில் நாமும் மாந்தரைப் படைத்துக்கொண்டே இருக்கிறோம். குடிகாரத் தந்தை, பேராசை பிடித்த வணிகன், மனந்திரும்பிய மகன் என நாம் கூறும் எடுத்துக்காட்டுகள் யாவும் சிறு கதைகளே. ஆகவே இவ்வினா நமக்கும் உரியது.

ஆங்கிலப் புதின ஆசிரியரான ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வெளியிட்ட தம் நூலில் கதைமாந்தரைத் தட்டையானவர் என்றும், முழுமை பெற்றவர் என்றும் இருவகைப்படுத்தினார். ஒரே கருத்தை அல்லது ஒரே பண்பைச் சுற்றி அமைந்தவர் முதல் வகையினர். நம்பத்தக்க வகையில் நம்மை வியக்கச் செய்ய வல்லவர் இரண்டாம் வகையினர். இப்பகுப்பு பயனுள்ளதே. ஆயினும் ஒருவருக்குப் பண்புகள் பலவற்றை ஏற்றிக் கூறுவதனால் மட்டும் அவர் உயிர்பெற்றுவிடுவதில்லை. படைத்தவரின் நோக்கத்திற்கு முற்றிலும் அடங்காமல் நிற்கும் உரிமை அவருக்குத் தரப்பட்டிருக்கிறதா என்பதே அடிப்படையான கேள்வி என்பது நம் கருத்து. மதுரை மண்ணில் தோன்றிய இரு புதினங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி. ஆர். ராஜம் ஐயர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடர்ந்து வெளிவந்து, 1896இல் நூலாயிற்று. மதுரை மாவட்டத்துச் சிறுகுளம் என்னும் ஊரே அதன் களம். எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது இருபத்தொன்றே. எனினும் அவர் காட்டும் முத்துசுவாமி ஐயரும் கமலாம்பாளும் உண்மையான கணவன் மனைவியராகவே பேசுகின்றனர், ஊடுகின்றனர், ஒருவரையொருவர் கேலி செய்கின்றனர். ஊர்ப் பெண்கள் கூடிப் புறம்பேசும் இடங்களில், அப்பேச்சின் இனிமையையும் நஞ்சையும் ஒருங்கே உணர்கிறோம். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழாசிரியரை எண்ணிப் பாருங்கள். செய்யுளெல்லாம் மனப்பாடம், உலகியலோ சிறிதும் அறியார். அவரைக் கண்டு நாம் நகைக்கிறோம். ஆனால் ஆசிரியர் அவரை இழிவுபடுத்தவில்லை. நகைப்பினூடே அன்பு கலந்திருப்பதனாலேயே, நூற்றாண்டு கடந்தும் அவர் உயிரோடு இருக்கிறார்.

இதே புதினத்தின் பிற்பகுதி நமக்கு வேறொரு பாடம் புகட்டுகிறது. பொருளிழந்தும், ஊரார் பழிச்சொல்லால் மனைவியின்மீது ஐயங்கொண்டும், முத்துசுவாமி ஐயர் இல்லம் துறந்து ஒரு குருவை அடைகிறார். ராஜம் ஐயருக்கு வேதாந்தத்தில் இருந்த ஈடுபாடு உண்மையானது. பின்னர் அவர் 'பிரபுத்த பாரதா' இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்று, 1898இல் இளமையிலேயே மறைந்தார். ஆனால் கதையில் தத்துவம் மேலோங்க மேலோங்க, மாந்தர் மெலிந்து போகின்றனர். முற்பகுதியில் தம் மனம்போல் நடந்தவர்கள் பிற்பகுதியில் ஒரு கொள்கையை மெய்ப்பிக்க நடத்தப்படுகின்றனர். குறை வேதாந்தத்தினுடையது அன்று. எந்தக் கொள்கையாயினும், கிறிஸ்தவக் கொள்கையே ஆயினும், மாந்தரை விரைந்து தன் முடிவுக்கு இழுத்துச் செல்லும்போது இதுவே நிகழும்.

இதற்கு நேர்மாறான ஒருவர் ஜி. நாகராஜன். 1929இல் மதுரையில் பிறந்து, கணிதம் பயிற்றும் ஆசிரியராய் விளங்கி, 1981இல் அந்நகரிலேயே மறைந்தவர். அவரது 'நாளை மற்றுமொரு நாளே' 1974இல் வெளிவந்தது. கந்தன் என்பவனுடைய வாழ்க்கையில் ஒரு நாளே கதை. அவன் குடிப்பவன், சட்டத்தின் விளிம்பில் பிழைப்பவன், அவனுடைய மனைவி மீனா உடலை விற்று வாழ்பவள். நகரின் பெயரை ஆசிரியர் முன்னிறுத்தாவிடினும், மதுரையை அறிந்தோர் அச்சந்துகளை எளிதில் இனங்காண்பர்.

இத்தகைய ஒருவனைப் படைக்கும் எழுத்தாளருக்கு இரு சோதனைகள் நேர்வது இயல்பு. ஒன்று, அவனைக் கண்டித்து நம் ஒழுக்கத்தை உயர்த்திக் காட்டுவது. மற்றொன்று, அவனுக்காகக் கண்ணீர் உகுத்து நம் இரக்கத்தை உயர்த்திக் காட்டுவது. இவ்விரண்டிலும் மேடையேறி நிற்பவன் கந்தன் அல்லன், எழுத்தாளரே. நாகராஜன் இரண்டையும் மறுத்தார். கந்தன் எழுகிறான், குடிக்கிறான், பேரம் பேசுகிறான், சிரிக்கிறான். இறுதியில் காவல்துறையின் பிடியில் அகப்படுகிறான். இவற்றினூடே தனக்குப் பின் மீனாவின் கதி என்னவாகும் என்ற கவலை அவனை விடுவதில்லை. அவளைப் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று முயல்கிறான். அம்முயற்சியில் அன்பு எது, வாணிகம் எது எனப் பிரித்தறிய இயலாமல் நாம் திகைக்கிறோம். அத்திகைப்பு எழும் இடத்திலேயே கந்தன் நமக்கு ஒரு மனிதனாகிறான்.

தீர்ப்புக் கூறாமல் விடுவது தீமைக்கு உடன்படுவதாகாதா என்று அருள்பணியாளர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. நாகராஜனின் உலகில் பெண்கள் பண்டமாக விற்கப்படுகின்றனர். அதனை எவ்விதச் சினமுமின்றிக் காட்டும் எழுத்து நம்மை உறுத்தத்தான் செய்கிறது. அவ்வுறுத்தலை நாம் மறைக்க வேண்டியதில்லை. மீனாவின் உள்ளத்தைக் காட்டிலும் கந்தனின் உள்ளமே நமக்கு மிகுதியாகத் திறக்கப்படுகிறது என்பதும் இப்புதினத்தின் குறையே. ஆயினும் தீர்ப்பை நிறுத்தி வைப்பது வேறு. தீர்ப்பே இல்லை என்பது வேறு. முதலில் ஒருவரை முழுமையாகக் காண வேண்டும். காணாமல் வழங்கும் தீர்ப்பு நம் அச்சத்தின் வெளிப்பாடேயன்றி அறத்தின் வெளிப்பாடன்று.

கிறிஸ்தவ வாழ்வைச் சித்திரிக்கும் புதினத்தில் இது இயலுமா எனின், மதுரைக்குத் தெற்கே குமரி மண்ணில் விடை கிடைக்கிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வெளிவந்தது. பனைவிளை என்னும் சிற்றூரில் நொடித்துப்போன ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அதில் வளரும் லிஸி என்னும் பெண். பருவமெய்தியதும் பள்ளி நிறுத்தப்பட்டு அவள் வீட்டிற்குள் அடைக்கப்படுகிறாள். பனையேறும் குடும்பத்து இளைஞனாகிய தங்கராஜின்மீது அவள் கொள்ளும் அன்புக்குக் குடும்பப் பெருமை குறுக்கே நிற்கிறது. கோவிலும் செபமும் அவ்வீட்டின் அன்றாட வாழ்வில் கலந்திருக்கின்றன. ஆனால் அவை எவரையும் நல்லவர் என்றோ தீயவர் என்றோ முத்திரையிடப் பயன்படுத்தப்படவில்லை. விசுவாசமுள்ள குடும்பத்திலேயே குலப்பெருமை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை ஆசிரியர் உரக்கச் சொல்லவில்லை. லிஸியின் மௌனமே அதனைச் சொல்லிவிடுகிறது.

திருமறை நமக்குக் கற்பிப்பதும் இதுவே. எரிக் அவர்பாக் என்னும் அறிஞர் 1946இல் வெளியான தம் 'மிமெசிஸ்' நூலில், பேதுரு ஆண்டவரை மறுதலித்த நிகழ்ச்சியைச் சிறப்பாக ஆராய்ந்தார். பண்டைக் கிரேக்க, உரோம இலக்கிய மரபில் ஒரு மீனவனும் வேலைக்காரப் பெண்ணும் நகைப்புக்குரியவராகவே இடம்பெற்றிருப்பர். அவர்களுடைய அச்சமும் அழுகையும் உயர்ந்த துன்பியலாகும் என்பதை அம்மரபு ஒப்பவில்லை. நற்செய்தியாளரோ ஒப்பினார். தீமூட்டிய முற்றத்தில் குளிர்காய்ந்து நின்று தடுமாறும் பேதுருவை நாம் நம்புகிறோம். திருச்சபையின் தலைமைத் தொண்டர் என்பதற்காக அவருடைய வீழ்ச்சி மூடி மறைக்கப்படவில்லை.

இளைய மகனின் உவமையையும் எண்ணிப் பார்ப்போம். வயலிலிருந்து திரும்பிய மூத்த மகனின் மனக்குறைக்கு ஆண்டவர் முழு இடம் கொடுத்தார். அவனுடைய வாதம் வலுவற்றதாகக் காட்டப்படவில்லை. இறுதியில் அவன் விருந்துக்குள் சென்றானா என்பதும் கூறப்படவில்லை. கதை கூறியவர் தாம் படைத்தவனின் விடுதலையை மதித்தார். தம் சாயலில் மனிதரைப் படைத்து, தம்மையே மறுக்கும் உரிமையையும் அவர்களுக்கு அளித்த கடவுளை அறிந்தவர் வேறு எவ்வாறு கதை கூறுவார்?

இனி நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். பல ஆண்டுகளுக்கு முன், மதுரைக்குக் கிழக்கே வானம் பார்த்த நிலத்துச் சிற்றூர்ச் சபையொன்றில், மனைவி மக்களைப் பட்டினியிட்டுக் குடித்தே அழிந்த ஒருவனின் கதையை உருக்கமாகக் கூறினோம். ஆராதனை முடிந்ததும் முதிய கைம்பெண் ஒருவர் வந்து நின்றார். "ஐயா, நீங்க சொன்ன அந்த ஆளு ஒருநாக்கூடப் பிள்ளைக்குப் பண்டம் வாங்கிட்டு வரலையா? எங்க வீட்டு மனுசன் குடிச்சிட்டு வந்தாலும் மடியில ஒரு பொட்டலம் இருக்கும்யா" என்றார். அவர் கணவரை நியாயப்படுத்தவில்லை. அவரிடம் பட்ட அடிகளையும் மறக்கவில்லை. நம் கதையில் அந்தப் பொட்டலம் இல்லை என்பதையே சுட்டினார். அது இல்லாத குடிகாரனை அவரால் நம்ப இயலவில்லை. நம்ப இயலாதவனுக்கு அறிவிக்கப்பட்ட மீட்பும் அவருக்கு அயலாகவே இருந்தது.

கதை எழுத விழையும் இறையியல் மாணவரும், அருளுரை ஆயத்தம் செய்யும் போதகரும் எழுதுமுன் இவ்வொரு வினாவை எழுப்பிக்கொள்வது நன்று: இம்மனிதர் எழுந்து நின்று, என்னைப் பற்றி நீர் கூறியது முழுமையன்று என்று நம்மிடம் சொல்ல இக்கதையில் இடமுண்டா? இடமில்லையெனில் நாம் படைத்தது பொம்மையே. பொம்மைகளையே கண்டு பழகிய கண்கள், கோவில் வாயிலில் தயங்கி நிற்கும் கந்தனையும் மீனாவையும் அடையாளம் காண மாட்டா. அவர்கள் நம் புதினங்களில் இடம்பெறாதிருப்பது இலக்கியத்திற்கு இழப்பு. நம் சபைகளில் இடம்பெறாதிருப்பதோ நற்செய்திக்கே இழப்பாகும்.