பல பேக்கப் சர்வர்களும் ஒரே அமைப்புக் கோப்பும்

ஒரு பெரிய வங்கியோ பல்கலைக்கழகமோ தன் தரவுகளைக் காக்க ஒரே ஒரு பேக்கப் சர்வரை நம்பியிருப்பது அரிது. கணினிகள் பெருகப் பெருக ஒரு சர்வரின் டேட்டாபேஸ் சுமக்க வேண்டிய பாரமும் பெருகுகிறது. ஓர் ஊரிலுள்ள சர்வர் பழுதுபட்டால் வேறோர் ஊரில் பிரதி இருக்க வேண்டும் என்ற முன்யோசனையும் கூடுகிறது. இவ்வாறு நான்கு, ஆறு, பத்து என்று சர்வர்கள் வளர்ந்த பின் அவை அனைத்தையும் ஒரே மேஜையிலிருந்து நிர்வகிக்கும் பொறுப்பு ஒருவரிடமோ இருவரிடமோ வந்து சேர்கிறது. ஐபிஎம் ஸ்தாபனம் 1993-ல் ஏடிஎஸ்எம் என வெளியிட்டு, 1999-ல் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் என்றும் 2015-ல் ஸ்பெக்ட்ரம் ப்ரொடெக்ட் என்றும் பெயர் மாற்றிய மென்பொருளில், இந்த நிர்வாகத்துக்கென வகுத்த வழி மட்டும் அதிகம் மாறவில்லை. அது நல்ல வழி என்பதே என் அபிப்பிராயம்; ஆயினும் அதன் சௌகரியம் எங்கே இருக்கிறதோ அங்கேயே அதன் அபாயமும் இருக்கிறது.

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் டிஎஸ்எம்.சிஸ் என்றொரு சாதாரண உரைக்கோப்பு உண்டு. அதில் சர்வர் ஒன்றுக்கு ஒரு ஸ்டான்சா: முதல் வரியில் சர்வருக்கு ஒரு பெயர், அதன்கீழ் அதன் முகவரி, வழக்கமாக 1500 என்றிருக்கும் போர்ட் எண், பிழைகளைப் பதியும் கோப்பின் பாதை முதலியன. டிஎஸ்எம்ஏடிஎம்சி என்ற நிர்வாகக் கட்டளையை எழுதி, ‘எஸ்இ’ என்ற குறிப்போடு அப்பெயரைச் சேர்த்தால், வேண்டிய சர்வருடன் தொடர்பு கிடைத்துவிடும். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. புதிய சர்வர் வந்தால் ஐந்தாறு வரிகள் சேர்த்தால் போதும்; இருவருடைய கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம்; எல்லாவற்றிலும் மேலாக, சிறியதொரு ஸ்கிரிப்ட் ஸ்டான்சாப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ‘நேற்றிரவு எந்தக் கணினியின் பேக்கப் தவறியது?’ என்ற ஒரே கேள்வியை எல்லா சர்வர்களிடமும் கேட்டு, விடைகளைக் காற்புள்ளியிட்ட வரிசைகளாக ஒரே அட்டவணையில் சேர்த்துத் தந்துவிடும். விண்டோஸில் இந்த வசதி இல்லை. அங்கே ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி டிஎஸ்எம்.ஆப்ட் கோப்பை வைத்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டது.

இனிக் குறைக்கு வருவோம். ஸ்டான்சாவின் தலையில் எழுதும் பெயர் சர்வர் தனக்கு வைத்துக்கொண்ட பெயராக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. நாம் விரும்பிய எதையும் எழுதலாம், இரண்டும் பொருந்துகின்றனவா என்று மென்பொருள் கேட்பதில்லை. சோதனை சர்வருக்குப் புதிய ஸ்டான்சா வேண்டுமென்று, உற்பத்தி சர்வரின் ஸ்டான்சாவைப் பிரதியெடுத்துப் பெயரை மாற்றிய ஒருவர், முகவரி வரியை மாற்ற மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரு சர்வர்களிலும் அவருடைய லாகினும் பாஸ்வேர்டும் ஒன்றே. ஆகவே ‘சோதனை’ என்று எழுதி நுழைபவர் தடையின்றி உற்பத்தி சர்வருக்குள் போய் நிற்பார். அங்கே ஒரு கணினியின் ஃபைல்ஸ்பேஸை நீக்கும் கட்டளையை இட்டால், அந்தக் கணினியின் பல மாதக் காப்புப் பிரதிகள் ஒரே வரியில் போய்விடும். நேரில் அமர்ந்து வேலை செய்பவருக்கு இரண்டு காவல்கள் உண்டு: ப்ராம்ப்டில் சர்வரின் உண்மையான பெயர் தெரியும், நீக்குவதற்கு முன் ‘நிச்சயமா?’ என்ற கேள்வியும் வரும். ‘நோகன்ஃபர்ம்’ என்ற குறிப்புடன் ஓடும் ஸ்கிரிப்டிலோ கேள்வியும் எழாது, ப்ராம்ப்டைப் பார்க்கும் கண்ணும் இராது. பெயரைக் குறிப்பிடாமலே கட்டளையிட்டால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, கோப்பின் முதல் ஸ்டான்சாவே எடுத்துக்கொள்ளப்படும். எனவே ஸ்டான்சாக்களின் வரிசையை மாற்றுவதுகூட விபரீதத்துக்கு இடம் தரும்.

மற்றொரு குறை அவ்வளவு பயங்கரமானதல்ல, ஆனால் நெடுநாள் மறைந்திருந்து வெளிப்படுவது. நிர்வாகி பயன்படுத்தும் அதே டிஎஸ்எம்.சிஸ்ஸைத்தான் அவருடைய கணினியின் சொந்த இரவு பேக்கப்பும் படிக்கிறது. அதுவும் அந்த பேக்கப்பைக் குறித்த நேரத்தில் நடத்தும் ஷெட்யூலர் புதிதாகத் தொடங்கும்போது மட்டுமே. இன்று செய்த திருத்தத்தின் விளைவு, பல வாரங்கள் கழித்து கணினியை மறுபடி இயக்கும் நாளில்தான் தெரியும். அதற்குள் திருத்தியவருக்கே அது நினைவிராது. டிஎஸ்எம் டிஐஆர் என்ற சூழல் மாறியைக் கொண்டு நிர்வாகிக்கெனத் தனிக் கோப்பு வைக்கலாம். ஆனால் அந்த மாறி மொழிச் செய்திக் கோப்புகள் இருக்கும் இடத்தையும் சுட்டுவதால், புதிய டைரக்டரியில் அவற்றுக்கும் இணைப்பு கொடுக்க வேண்டும். இச்சிறு சிரமத்துக்கு அஞ்சியே பலரும் ஒரே கோப்போடு காலந்தள்ளுகிறார்கள். இந்தச் சிரமத்தை ஏற்பது அவசியம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இந்த ஸ்டான்சா ஏற்பாட்டையே விட்டுவிடலாமே என்பாரும் உண்டு. ஒரு சர்வரில் நுழைந்து, கட்டளைக்கு முன்னால் வேறு சர்வரின் பெயரையோ சர்வர் குழுவின் பெயரையோ எழுதி அங்கே அனுப்பும் வசதி இதே மென்பொருளில் இருக்கிறது. அதில் சர்வர்களின் முகவரிகள் தனித்தனி மேஜைகளில் சிதறிக் கிடக்காமல் ஓரிடத்தில் இருப்பது உண்மையான லாபம். ஆனால் எல்லா சர்வர்களிலும் ஒரே லாகினும் ஒரே பாஸ்வேர்டும் இருந்தாக வேண்டும். நுழைவாயிலாக இருக்கும் சர்வர் நின்றால் வழியும் அடைபடும், அவ்வேளையில் கைகொடுப்பது பழைய டிஎஸ்எம்.சிஸ்தான். பொது லாகினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: 2017-ல் வந்த 8.1.2 பதிப்பு, புதிய கிளையன்ட்டிலிருந்து ஒருமுறை நுழைந்த நிர்வாகி லாகினைப் பழைய கிளையன்ட்டுகளிலிருந்து நுழைய முடியாதபடி இறுக்கிவிட்டது. ஒரே லாகினைப் பல மேஜைகளில் பகிர்ந்துகொண்டிருந்தவர்கள் ஒரு மேஜையைப் புதுப்பித்ததும் மற்ற மேஜைகளில் வெளியே நிற்க நேர்ந்தது.

ஆகவே ஸ்டான்சா முறையைக் கைவிடாமல் அதன் குறையை அடைப்பதே விவேகம். ஸ்டான்சாவின் பெயர் சர்வர் தனக்கு வைத்துக்கொண்ட பெயராகவே இருக்கட்டும். சோதனைக்கும் உற்பத்திக்கும் லாகின்கள் வேறாகட்டும். இவற்றுக்கும் மேலாக, எதையேனும் நீக்கும் ஸ்கிரிப்ட் எதுவாயினும், தன் முதல் வேலையாக சர்வரிலுள்ள ஸ்டேட்டஸ் அட்டவணையிலிருந்து அதன் பெயரைக் கேட்டு வாங்கி, ஸ்டான்சாவின் பெயரோடு ஒப்பிட்டு, ஓர் எழுத்து வேறுபட்டாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். அந்தச் சோதனையைக் கடந்த பிறகே ‘நோகன்ஃபர்ம்’ என்ற குறிப்புக்கு அதில் இடமளிக்கலாம்.