நிறுத்தினால் எரிகிறது, ஆகவே க்ரீம் நல்லது?

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா மகளின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தன. உற்றுப் பார்த்தால் நூல் நூலாக ரத்தக்குழாய்கள் தெரிந்தன. தாடையோரம் பொடிப்பொடியாகப் பருக்கள். ஒன்றரை வருஷமாக தினமும் ராத்திரி ஒரு க்ரீம் போடுகிறாளாம். தோழி சொன்னது, மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்காமலேயே கொடுத்தது.

"இதை விட்டுடேன்மா" என்றேன்.

"விட்டுப் பாத்தாச்சு மாமா. நாலே நாள்ல முகம் மொளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுது. திரும்பப் போட்டா அடங்கிடுது. அப்போ க்ரீம்தானே காப்பாத்துது?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் கேள்வி தப்பில்லை. மென்பொருள் வேலையில் நாங்களும் இதைத்தான் செய்கிறோம். சந்தேகப்படும் ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம், எல்லாம் உடைந்தால் அந்த வரி தேவைதான் என்று முடிவு கட்டுவோம். ஆனால் அந்தச் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வரியை எடுத்ததும் மற்றதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். இங்கே தோல் அப்படித் திரும்பவில்லை.

ட்யூபின் பொடி எழுத்தை போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். ஹைட்ரோகுவினோன் 2%, டிரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. முதலாவது நிறமி உற்பத்தியைக் குறைப்பது. இரண்டாவது மேல்தோல் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுவது. மூன்றாவது ஸ்டீராய்டு.

இந்த மூன்றையும் சேர்க்கும் யோசனை 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் வில்லிஸும் வெளியிட்டது. அவர்கள் போட்ட ஸ்டீராய்டு டெக்சாமெத்தசோன். பின்னால் 2002-ல் அமெரிக்காவில் இதே வகைக் கலவைக்கு அனுமதி கிடைத்தது. மங்கு என்று நாம் சொல்லும் கருந்திட்டுக்கு மட்டும், குறுகிய காலத்துக்கு மட்டும். அதில் இருந்த ஸ்டீராய்டு வீரியம் குறைந்த ஃப்ளூசினோலோன் 0.01%. நம் ஊர் ட்யூபில் இருக்கும் மொமெட்டசோன் அதைவிட வீரியம் கூடியது. திட்டுக்கான மருந்து, ஸ்டீராய்டும் வலுத்து, இங்கே சிவப்பழகு க்ரீமாகிவிட்டது.

இன்னொரு விஷயம்தான் என்னை நிறுத்தி வைத்தது. 1979-ல் 'ஸ்டீராய்டு அடிமைத்தனம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இருவர், ஒருவர் அதே கிளிக்மன். அக்கா மகள் சொன்ன சுழற்சிதான் அதில் பேசப்படும் விஷயம். க்ரீமை நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், போட்டால் அடங்கும், அதனால் விட முடியாது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அச்சில் இருக்கும் எச்சரிக்கை இது.

உள்ளே நடப்பதை எளிமையாகச் சொல்கிறேன். ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கும், தோல் வெளுக்கும். ஒரு ஸ்டீராய்டு எவ்வளவு வீரியம் என்று அளக்க, அது தோலை எவ்வளவு வெளுக்க வைக்கிறது என்பதையே 1962 முதல் ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள். அதாவது முதல் வாரத்தில் கண்ணாடியில் தெரியும் 'பளிச்'சில் ஒரு பங்கு, மருந்தின் வீரியத்தைக் காட்டும் அளவுகோல். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிகிறது. நிறுத்தியதும் சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன. சிவப்பும் எரிச்சலும் அப்படி வருகின்றன. ஆக, க்ரீம் அடக்குவது க்ரீமே உண்டாக்கிய எரிச்சலை.

இந்தியாவில் இதன் அளவு என்ன? 2011-ல் வெளியான, பல மையங்களில் நடந்த ஓர் ஆய்வு, முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பரிசோதித்தது. 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சுமார் 29% பேருக்கு அது சிவப்பழகு க்ரீம் அல்லது பொதுவான க்ரீம். ஏறத்தாழ 59% பேருக்குப் பரிந்துரைத்தவர் மருத்துவரே இல்லை. 90% பேருக்குப் பக்கவிளைவு இருந்தது.

அந்த 90%-ஐ அப்படியே தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. ஆய்வில் இருந்தவர்கள் பிரச்சினை முற்றி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். ஒன்றும் ஆகாதவர் வீட்டிலேயே இருந்திருப்பார். ஆனால் பரிந்துரைத்தது யார் என்ற கணக்கு அதே அளவுக்குச் சாயும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதுதான் உறுத்துகிறது. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய 'ஹெச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அக்கா மகள் வாங்கிய கடையில் அந்தப் பட்டியல் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். அதுவும் தப்புதான். கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பைப் பயந்து தூக்கிப் போட்டு அவதிப்படுகிறவர்களையும் பார்க்கிறேன். எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தச் சுழற்சியில் மாட்டியவர்களும் தானாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். எப்படி விடுவது என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அக்கா மகளுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. "நீ போன வாரத்தோட ஒப்பிடுற. க்ரீம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். காலேஜ் அடையாள அட்டையை எடுத்து வந்தாள். நெற்றியில் இரண்டு பருத்தழும்பு, மற்றபடி சாதாரண மாநிற முகம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுக்காகவா மாமா ஆரம்பிச்சேன்?"

மறுநாள் அக்காவே அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். ட்யூபையும் அடையாள அட்டையையும் சேர்த்தே எடுத்துப் போனார்களாம்.