அழைப்பும் விளிப்பும்: திரையில் வரும் தொழில்கள்

'பெரியவனாகி என்னவாகப் போறே?' என்ற கேள்வி ஒன்றும் வெகுளித்தனமானதல்ல. கேட்ட கணத்திலேயே குழந்தை நாளைய உழைப்பாளியாகிவிடுகிறது. இப்போது அந்தக் கேள்வி வகுப்பறைத் திரை வழியாக வருகிறது. 2010களில் ஸ்கைப் வகுப்புகளுக்குள் நுழைந்தது. 2020இன் பெருந்தொற்று காணொலி அழைப்பைப் பழக்கமாக்கியது. விஞ்ஞானியோ விமானியோ திரையில் தோன்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். (2025 மே மாதத்தில் ஸ்கைப்பே மூடப்பட்டது. தொழில்களின் ஆயுளைப் பற்றி இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.)

இம்முயற்சியை நான் எடுத்த எடுப்பில் நிராகரிக்கவில்லை. 2016இல் பிரிட்டனில் வெளியான 'ரீட்ரா த பேலன்ஸ்' குறும்படத்தில், தீயணைப்புப் படையினர், அறுவை மருத்துவர், போர் விமானி ஆகியோரைச் சிறு பிள்ளைகள் வரைந்தார்கள். 66 படங்களில் 61 ஆண்கள், 5 பெண்கள். பிறகு அந்த வேலைகளைச் செய்யும் பெண்களே வகுப்புக்குள் வந்து நின்றார்கள். ஆறு வயது தொட்டு பால் அடிப்படையிலும், ஒன்பது தொட்டு சமூக மதிப்பின் அடிப்படையிலும் குழந்தை வேலைகளைத் தனக்குள் கழித்துக்கட்டுகிறது என்று லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981இலேயே எழுதினார். ஆக, தேவை உண்மையானது.

என் கேள்வி வேறு: திரைக்கு யார் அழைக்கப்படுகிறார்கள்? பள்ளியை முதன்மையான கருத்தியல் அரசு எந்திரம் என்ற அல்துஸ்ஸர் (1970), கருத்தியல் மனிதரை விளித்தே தன்னிலையாக்குகிறது என்றார். காணொலி அழைப்பும் ஒரு விளிப்புதான். குரல் மட்டும் இனிமையானது. வேலை நேரத்தில் அரைமணி ஒதுக்கி கேமரா முன் உட்கார முடிகிறவரே அதில் வருகிறார். கிடங்கில் மூட்டை அடுக்குகிறவர், தையல் மிஷினை விட்டு எழ முடியாத பெண், அதே வகுப்பைப் பெருக்குகிற அம்மா – இவங்களுக்கெல்லாம் அரைமணி யார் கொடுப்பா? அவர்கள் வராததும் ஒரு பாடமே: அவையெல்லாம் 'தொழில்' அல்ல, வெறும் பிழைப்பு. வந்தவர்களின் முகம் தெரிகிறது, கை தெரிவதில்லை. கனவு பேசப்படுகிறது, கூலி, முதலாளி, சங்கம் பேசப்படுவதில்லை.

பால் வில்லிஸ் (1977) காட்டிய தொழிலாளர் வீட்டுப் பையன்கள் தகவல் இல்லாமல் ஆலைக்குப் போகவில்லை. பள்ளியின் வாக்குறுதியை நம்பாமல், அதைக் கிண்டலடித்துக்கொண்டேதான் போனார்கள். முன்மாதிரிகளைக் காட்டி அந்த அவநம்பிக்கையைப் போக்க முடியுமா?

அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற 1953ஆம் ஆண்டுத் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து, 1954இல் கைவிடச் செய்த மண் இது. பிள்ளை முன் வேறு தொழில்கள் வருவதை நாம் எதிர்க்க முடியாது. ஆனால் குலத்தின் படிநிலைக்குப் பதிலாகத் திரை இன்னொரு படிநிலையை வைப்பதையும் ஏற்க வேண்டியதில்லை. பெருக்குகிறவரையும் அழைப்போம், கூலியோடு. விமானி வந்தால் பிள்ளைகள் கேட்கட்டும்: 'உங்க விமானத்தை யாருங்க கழுவுறாங்க? அவங்களுக்கு எவ்ளோ சம்பளம்?'