"ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்காதீர்கள்

2020 டிசம்பர் 4, கான்பெரா. இந்தியா–ஆஸ்திரேலியா டி20 கிரிக்கெட் ஆட்டத்தில், இந்திய இன்னிங்ஸின் கடைசி ஓவரில் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டைத் தாக்கியது. அவர் தொடர்ந்து ஆடி, 23 பந்தில் 44 ரன்னோடு திரும்பினார். ஓய்வறையில் பிசியோ "எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தபோதுதான் லேசாகத் தலைசுற்றுகிறது என்றார். அவருக்கு மாற்று வீரராக இறங்கிய சாஹல் 3 விக்கெட் எடுத்தார், இந்தியா வென்றது. இந்த மாற்றம் சரியா என்று சர்ச்சையெல்லாம் சாஹலைச் சுற்றியே எழுந்தது. எனக்கு முக்கியம் பிசியோவின் அந்தக் கேள்வி.

மாமல்லபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் கபடி ஆடும், அலைச்சறுக்கு பழகும் கல்லூரிப் பிள்ளைகளிடம் அதைக் கேட்பது யார்? பிடியில் எதிராளியின் முழங்கால் நெற்றியில் இடிக்கும். அலையில் சொந்தப் பலகையே மண்டையில் அடிக்கும். பிசியோ இல்லாத இடத்தில் கோச்தான் ஓடிவர வேண்டும். அவர் பதறிக் கேட்பது, "ஒண்ணும் ஆகலையே?" பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: "இல்ல சார்." அணியில் இடம் கொடுப்பவரும் அவர்தானே, வேறென்ன சொல்வான் பையன்?

அமெரிக்காவில் 4 கல்லூரிகளைச் சேர்ந்த 328 விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், தலையில் அடிபட்ட பிறகும் ஆடச் சொல்லி கோச், சக வீரர், பெற்றோர், ரசிகர் என யாராவது நெருக்கியதாகக் கால்வாசிக்கும் மேற்பட்டோர் கூறினர். இப்படி அடிபட்டு மூளை அதிர்ச்சி (கன்கஷன்) கண்டவர்களில் பெரும்பாலோர் மயங்குவதில்லை. ஸ்கேனும் சுத்தமாக வரலாம். அடிபட்டவர் வாய் திறந்தால்தான் பல நேரங்களில் விஷயமே தெரியும்.

ஆகவே, கோச் முதலில் ஆளை வெளியே அழைக்கட்டும், பிறகு கேட்கட்டும்: "இது எந்தப் பாதி? கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு? தலை எப்படி இருக்கு?" சரியாகச் சொன்னாலும் வலியோ தலைசுற்றலோ இருந்தால் அன்று ஆட்டம் முடிந்தது. அடுத்து மருத்துவர், பிறகு படிப்படியாகத் திரும்புதல்.

விலகினால் வாழ்க்கையே போய்விடாது. 2015 டிசம்பரில் ஹவாயின் பைப்லைன் அலையில் மூளைக் காயம் பட்ட ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர் ஓவன் ரைட், நடக்கவும் பேசவும் மறுபடி கற்றார். ஓராண்டுக்கும் மேல் ஒதுங்கியிருந்து, 2017-ல் உலகத் தொடருக்குத் திரும்பிய முதல் போட்டியையே வென்றார்; டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார்.

இதே வட்டாரத்தில், மேலக்கோட்டையூரிலேயே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இப்படிக் கேட்கும் முறையை வருங்காலப் பயிற்சியாளர்கள் அங்கே களத்தில் நின்று பழக வேண்டும். இன்று பயிற்றுவிப்பவர்கள் பருவத்தின் முதல் நாளே அணியை உட்காரவைத்துச் சொல்லலாம்: "தலையில அடிபட்டா எங்கிட்ட சொல்லு. உன் இடம் உனக்குத்தான்." சொன்னபடி அந்த இடத்தைக் காத்துக் கொடுத்தால், அடுத்தவன் தானே வந்து சொல்வான்.